பாக்கி முதலில், பரிசு அப்புறம்: 80 பேர் யூனிட்டில் ஊழியரைப் பாராட்டும் முறை

பரிசுத் திட்டம் போட உட்காரும்போது மேஜை மேல் முதலில் இருக்க வேண்டியது சம்பளப் பதிவேடு. சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் போய்ச் சேர்கிறதா? ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் போடுகிறீர்களா? போன வருட போனஸில் யாருக்காவது பாக்கி நிற்கிறதா? இந்த மூன்றில் ஒன்று இடித்தாலும் ஷீல்டு, சால்வை, ஸ்வீட் பாக்ஸ் எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு அதைச் சரிசெய்யுங்கள். ஓவர்டைம் பாக்கி வைத்திருக்கும் கம்பெனி 'சிறந்த ஊழியர்' விருது கொடுத்தால், கை தட்டுகிறவர்கள் மனசுக்குள் பாக்கித் தொகையைத்தான் கூட்டிக்கொண்டிருப்பார்கள்.

கீழே உள்ளது திருப்பூர் தையல் யூனிட், கோவை மெஷின் ஷாப், ஓசூர் உதிரிபாகத் தொழிற்சாலை மாதிரி 50 முதல் 150 பேர் வேலை பார்க்கும் இடங்களுக்கானது. ஐ.டி. அலுவலகத்துக்கும் பெரும்பாலானவை பொருந்தும். மாறுபடும் இடத்தைப் பின்னால் சொல்லியிருக்கிறது.

போனஸ் பரிசுக் கணக்கில் வராது

தீபாவளிக்கு முன் போனஸ் கவரை மேடை போட்டுக் கொடுத்து, 'முதலாளி மனசு' என்று பேசுவது நம் ஊரில் பழக்கம். ஆனால் அது சட்டப்படி ஊழியருக்குச் சேர வேண்டிய பணம். 1965 போனஸ் சட்டம் குறைந்தபட்சம் 8.33 சதவீதம், அதிகபட்சம் 20 சதவீதம் என்று வைத்தது. வருடத்தில் 30 நாள் வேலை செய்திருந்தாலே உரிமை உண்டு. கணக்கு வருடம் முடிந்து 8 மாதத்துக்குள் கொடுத்தாக வேண்டும். அந்தச் சட்டம் 2019 ஊதியச் சட்டத் தொகுப்புக்குள் போய், தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த பிறகும் இந்த எண்கள் மாறவில்லை.

அதிகம் தப்பு நடக்கும் இடம் ஒன்று உண்டு. 2015 திருத்தம், கணக்கிடும் சம்பளத்தை 'மாதம் ரூ.7,000 அல்லது அந்த வேலைக்கான குறைந்தபட்சக் கூலி, எது அதிகமோ அது' என்று வைத்தது. பல அலுவலகங்களில் பின்பாதியை மறந்துவிட்டு எல்லோருக்கும் 7,000-க்கே போட்டுவிடுகிறார்கள். அப்படிப் போட்டால் வருடத்துக்கு 6,997 ரூபாய் வரும். குறைந்தபட்சக் கூலி 13,000 என்று வைத்துக்கொண்டால் வர வேண்டியது 12,995. கிட்டத்தட்ட பாதி காணாமல் போகிறது. யாருக்கு உரிமை என்ற சம்பள வரம்பு பழைய சட்டத்தில் ரூ.21,000, புதிய தொகுப்பில் வரம்புகளை அரசு அறிவிக்கை மூலம் வைக்கிறது. எனவே கவர் போடும் முன் நடப்பு அறிவிக்கையை ஆடிட்டரிடம் கேட்டு வாங்கிப் பார்த்துவிடுங்கள்.

போனஸை நோட்டீஸ் போர்டில் கணக்கோடு ஒட்டி, வங்கியில் போட்டுவிட்டால் போதும். அதைப் பாராட்டு விழாவோடு சேர்த்தால் இரண்டுமே கெடும். சேர வேண்டியதை வாங்கக் கைகட்டி நிற்க வைத்த மாதிரி ஆகிவிடும். உண்மையில் நல்ல வேலை செய்தவர் பெயரும் அந்தக் கூட்டத்தில் அமுங்கிவிடும்.

எதைப் பாராட்டுவது

பீஸ் ரேட்டில் தைக்கிறவருக்கு எண்ணிக்கைக்கான பணம் ஏற்கெனவே போகிறது. முழு வருகைக்கு அட்டனன்ஸ் போனஸ் இருக்கிறது. ஆகவே பாராட்டு எட்ட வேண்டியது ரிஜிஸ்டரில் விழாத வேலையை. புதிதாகச் சேர்ந்த ஹெல்பருக்கு ஓவர்லாக் மெஷினில் நூல் கோக்கச் சொல்லிக்கொடுத்தவர், பேக்கிங்கில் சைஸ் லேபிள் மாறியதை லாரி ஏறுவதற்கு முன் பிடித்தவர், 'இந்த பிரஸ்ஸின் பாதுகாப்புத் தடுப்பு ஆடுது' என்று யாருக்கும் அடிபடுவதற்கு முன் சொன்னவர், இவர்களெல்லாம் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. அப்படி நான்கைந்து வகை வேலைகளைத் தேர்ந்தெடுத்து ஒரு தாளில் எழுதுங்கள். பத்துக்கு மேல் போனால் சூப்பர்வைசருக்கு நினைவில் நிற்காது.

இங்கே இரண்டு பள்ளங்கள் இருக்கின்றன.

ஒன்று, தீயணைப்பவரை மட்டும் பாராட்டுவது. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வந்து நின்றுபோன கம்ப்ரஸரை ஓட்டிவிட்ட மெக்கானிக் எல்லார் கண்ணுக்கும் தெரிவார். வாரா வாரம் ஆயில் பார்த்து, ஃபில்டர் தட்டி, தன் ஷிஃப்டில் கம்ப்ரஸர் நிற்கவே விடாதவர் தெரியமாட்டார். முதலாமவருக்கே மாதாமாதம் கைதட்டல் போனால், முன்கூட்டிப் பார்க்கும் வேலைக்கு மதிப்பில்லை என்று மெயின்டனன்ஸ் ஆட்கள் சீக்கிரம் புரிந்துகொள்வார்கள். அதனால் பட்டியலில் 'மூன்று மாதமாக பிரேக்டவுன் வராத பகுதி' என்று ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும்.

இரண்டாவது இன்னும் ஆபத்து. 'விபத்தே இல்லாத மாதத்துக்கு எல்லாருக்கும் பரிசு' என்று அறிவித்தால் விபத்து குறையாது. விபத்தைச் சொல்வதுதான் குறையும். விரலில் ஊசி ஏறியவர், எண்பது பேர் பரிசு தன்னால் போகக் கூடாதென்று துணியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பாதுகாப்புக்குப் பரிசு என்றால் அது 'நூலிழையில் தப்பியது' என்று எழுதிக் கொடுக்கும் ஒவ்வொரு தகவலுக்கும் போகட்டும். மாதம் இத்தனை தகவல் வந்தது, இத்தனை சரிசெய்தோம் என்று போர்டில் போடுங்கள்.

கார்டு, கவுன்டர்ஃபாயில், மூன்று நிமிடம்

ஒவ்வொரு சூப்பர்வைசருக்கும் பில் புக் மாதிரி ஒரு சின்னப் புத்தகம் அச்சடித்துக் கொடுங்கள். ஒரு பக்கம் கிழித்துக் கொடுக்கும் கார்டு, மறுபக்கம் புத்தகத்திலேயே தங்கும் அடிக்கட்டை, அதாவது கவுன்டர்ஃபாயில். மாதத்துக்கு மூன்று கார்டு. மீதி இருந்தால் ஒன்றை மட்டும் அடுத்த மாதத்துக்குக் கொண்டுபோகலாம். 'மூன்றும் கொடுத்தே ஆக வேண்டும்' என்று கட்டாயப்படுத்தாதீர்கள். கட்டாயப்படுத்தினால் 30-ஆம் தேதி மதியம் மூன்று பெயர் வேகவேகமாக எழுதப்படும். ஆறு சூப்பர்வைசர் இருந்தால், போன மாத மீதியைச் சேர்க்காமல், மாதம் 18 கார்டு. அதில் மேனேஜர் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் ஆறுக்கு 500 ரூபாய் வவுச்சர். மற்ற பன்னிரண்டும் வெறும் கார்டு. வெறும் கார்டுக்கு மதிப்பிருக்காதே என்று தோன்றும். எழுதும் வரிகள் சரியாக இருந்தால் அது டிபன் பாக்ஸ் பையிலோ வீட்டு பீரோவிலோ பத்திரமாக இருக்கும்.

எழுத்துதான் எல்லாம். வழக்கமாக இப்படி எழுதுவார்கள்: 'தங்களது கடின உழைப்புக்கும் அர்ப்பணிப்புக்கும் நிர்வாகத்தின் மனமார்ந்த பாராட்டுகள்.' பெயரை மாற்றினால் யாருக்கும் பொருந்தும் வாக்கியம். வாங்குகிறவருக்கு, தான் என்ன செய்தோம் என்றே தெரியாது. பக்கத்து மெஷின்காரருக்குச் சுத்தமாகப் புரியாது.

இப்படி எழுதலாம்: 'செவ்வாய்க்கிழமை காலை, நேவி கலர் ரோலில் ஷேடு மாறுவதைக் கட்டிங் டேபிளிலேயே கவனித்து, துணியை அடுக்கடுக்காக விரிப்பதை நிறுத்தினீர்கள். 40 லேயர் வெட்டியிருந்தால் அத்தனை பீஸும் செக்கிங்கில் திரும்பியிருக்கும். நன்றி.' இதில் எப்போது, என்ன செய்தார், செய்யாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற மூன்றும் வந்துவிட்டன. சூப்பர்வைசருக்கு எழுத வராது என்றால் இந்த மூன்று கேள்வியையும் கார்டிலேயே அச்சடித்து, கீழே கோடு விட்டுவிடுங்கள். ஒடிசா, பீகாரிலிருந்து வந்தவர்கள் லைனில் இருந்தால் அவர்கள் படிக்கும் மொழியில் எழுத ஆள் பாருங்கள். தமிழில் மட்டும் எழுதிய கார்டு அவர்களுக்கு இன்னொரு நோட்டீஸ்தான்.

நடந்த 48 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். மாசக் கடைசியில் கூட்டம் போட்டு, மூன்று வாரத்துக்கு முந்தையதைச் சொன்னால் ஆறிப்போன டீதான். நல்ல நேரம், ஷிஃப்ட் தொடங்கும் முன் மெஷின் ஓடாத அந்த மூன்று நிமிடம். மெஷின் ஓடும்போது கத்திச் சொன்னால் முதல் வரிசைக்கு மட்டும் கேட்கும். சூப்பர்வைசர் பக்கத்தில் போய் நின்று, கார்டை வாசித்து, கையில் கொடுத்துவிட்டு வேலையைத் தொடங்க வேண்டியதுதான். இதற்கு எம்.டி. வரத் தேவையில்லை. வேலையைக் கண்ணால் பார்த்தவர் சொல்வதற்குத்தான் எடை அதிகம்.

நாலு பேர் முன் பெயர் சொல்வது எல்லாருக்கும் பிடிக்காது. சிலர் கூசிப்போவார்கள்; சிலருக்கு அடுத்த நாளே 'சூப்பர்வைசர் செல்லம்' என்ற கேலி தொடங்கும். சேரும்போது நிரப்பும் படிவத்திலேயே 'உங்களைப் பாராட்ட வேண்டியிருந்தால் எல்லார் முன்னும் சொல்லலாமா, தனியாகச் சொல்ல வேண்டுமா' என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் பிரச்சினை முடிந்தது. போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பிலோ ஃபேஸ்புக்கிலோ போடும் முன் கேட்டே ஆக வேண்டும், பெண்களிடம் இன்னும் கவனமாக.

கவுன்டர்ஃபாயில்களை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மேஜையில் பரப்பிப் பாருங்கள். நைட் ஷிஃப்டுக்கு எத்தனை? ஹெல்பருக்கு எத்தனை? கான்ட்ராக்ட் ஆட்களுக்கு ஒன்றாவது போனதா? தையல் லைனில் முக்கால்வாசி பெண்கள் இருந்தும் கார்டில் பாதி ஆண்கள் என்றால், சூப்பர்வைசர்கள் யாரைப் பார்க்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். யாரையும் திட்டாமல் அந்தக் கணக்கை மட்டும் அவர்கள் முன் வைத்தாலே அடுத்த காலாண்டில் மாறும்.

'பெஸ்ட் எம்ப்ளாயி ஆஃப் த மன்த்' ஏன் ஆறு மாதத்தில் செத்துப்போகிறது

முதல் மாதம் உண்மையிலேயே நல்ல ஆளுக்குப் போகும். இரண்டாம் மாதமும் அவரே தகுதி என்றால் 'திரும்பவும் அவருக்கா' என்று வேறொருவருக்குக் கொடுப்பார்கள். ஐந்தாவது மாதத்திலிருந்து டிபார்ட்மென்ட் வாரியாகச் சுற்று. எட்டாவது மாதம், இன்னும் வாங்காதவர் யார் என்று தேடல். போர்டில் தொங்கும் போட்டோ நான்கு மாதம் பழையதாகி, அந்த ஆளே வேலையை விட்டுப் போயிருப்பார். ஒருவரைத் தேர்ந்தெடுத்து 79 பேரைத் தோற்கடிக்கும் அமைப்பு அது. அளவுகோலைத் தொட்ட எல்லாருக்கும் கார்டு என்றால் ஒரு மாதம் மூன்று, இன்னொரு மாதம் பதினைந்து என்று வரட்டும், நஷ்டமில்லை. ஓட்டெடுப்பு வைத்தால் ஜனநாயகமாகத் தோன்றும். கடைசியில் பெரிய ஊர்க்காரக் கூட்டம் யாருக்கோ அவரே ஜெயிப்பார்.

அட்டனன்ஸ் போனஸ்: படி வையுங்கள், பள்ளம் வைக்காதீர்கள்

'26 நாளும் வந்தால் 1,000 ரூபாய், ஒரு நாள் குறைந்தாலும் கிடையாது' என்பது பரவலான முறை. குழந்தைக்குக் காய்ச்சல் என்று 4-ஆம் தேதி ஒருவர் லீவு போடுகிறார். 1,000 போய்விட்டது. மீதி 22 நாளில் இன்னும் இரண்டு லீவு போட்டாலும் அவருக்கு இந்தக் கணக்கில் புதிதாக இழக்க ஒன்றுமில்லை. இன்னொருவர் 1,000-ஐ விடக் கூடாதென்று காய்ச்சலோடு வந்து லைனுக்கே ஒட்டிவிட்டுப் போவார்.

இது வெறும் ஊகமில்லை. அமெரிக்காவில் பெரிய அளவில் துணி வெளுத்துக் கொடுக்கும் ஆலைகளில் ஒன்றில், மாதம் முழுதும் நேரம் தவறாமல் வந்தவர்கள் பெயரைக் குலுக்கிப் போட்டு 75 டாலர் கிஃப்ட் கார்டு கொடுத்தார்கள். 2016-ல் வெளியான ஆய்வு அந்த ஆலையின் பதிவேடுகளை அலசியது. ஒருமுறை தாமதமாகி அந்த மாதத் தகுதியை இழந்தவர்கள் அதன்பின் நேரத்தைக் கவனிக்கவில்லை. பரிசே இல்லாமல் முன்பு சரியாக வந்துகொண்டிருந்தவர்களின் வேலை வேகம் குறைந்தது. ஆலையின் மொத்த உற்பத்தித்திறன் 1.4 சதவீதம் இறங்கியது. தானாகச் செய்துகொண்டிருந்ததற்கு விலை ஒட்டியதும், 'இத்தனை நாள் சும்மா செய்த நான் முட்டாளா' என்ற எண்ணம் வந்துவிடுகிறது.

அதே ஆயிரத்தைப் படியாக மாற்றுங்கள்: 26 நாளுக்கு 1,000, 25-க்கு 700, 24-க்கு 400. இரண்டு நாள் முன்பே சொல்லி அனுமதி வாங்கிய ஒரு லீவு கணக்கில் வராது. லைன் பேலன்ஸ் பண்ண, அதாவது மெஷின்வாரியாக ஆளைப் பிரித்துப் போட, ஆள் எண்ணிக்கை முன்கூட்டியே தெரிவதுதான் உங்களுக்கும் வேண்டியது. அதற்குத்தான் பணம் கொடுக்கிறீர்கள்.

யோசனைகளுக்குப் பரிசு

டொயோட்டா 1951-ல் தொழிலாளர் யோசனைத் திட்டத்தைத் தொடங்கியது. நம் ஊரில் ஆட்டோ கம்பெனிகளுக்கு சப்ளை செய்யும் பல இடங்களில் தொழிலாளர் யோசனைகளை எழுதும் கைசன் போர்டு தொங்குகிறது. அதில் பாதி, தணிக்கைக்கு ஆள் வரும்போது மட்டும் நிரம்பும். காரணம் பரிசு குறைவு என்பதில்லை. பதில் வராததுதான். தாள் போட்டால் 10 வேலை நாளுக்குள் 'செய்கிறோம்' அல்லது 'முடியாது, இதனால்' என்று எழுத்தில் பதில் போக வேண்டும். செய்துமுடித்த ஒவ்வொரு சின்ன யோசனைக்கும் 100 ரூபாய் போதும். கத்தரிக்கோலைக் கட்டித் தொங்கவிட ஒரு கொக்கி என்றாலும் அதே 100. மிச்சமான பணத்தில் இத்தனை சதவீதம் என்று தொடங்கினால் மிச்சத்தைக் கணக்கிடுவதிலேயே சண்டை வரும். பெரிய யோசனைக்கு, மேனேஜரும் அக்கவுன்டன்டும் சேர்ந்து பார்த்து வருடத்துக்கு நான்கு, தலா 5,000.

எவ்வளவு ஆகும்

80 பேர், சராசரிச் சம்பளம் 18,000 என்றால் வருடச் சம்பளம் 1 கோடியே 72 லட்சத்து 80 ஆயிரம். அதில் ஒரு சதவீதம், 1,72,800 ரூபாய், போதுமானது. மாதம் ஆறு வவுச்சர், தலா 500 என்றால் வருடத்துக்கு 36,000. காலாண்டுக்கு ஒருமுறை ஒரு லைனுக்கு மதியச் சாப்பாடோ சிறு சுற்றுலாவோ, 12,000 வீதம் 48,000. சின்ன யோசனைகள் 120 வந்தால் 12,000. பெரியவை நான்குக்கு 20,000. ஐந்து வருடம் முடித்த ஆறு பேருக்கு 3,000 வீதம் 18,000. பத்து வருடம் முடித்த இருவருக்கு 8,000 வீதம் 16,000. கூட்டினால் 1,50,000. மீதி 22,800 அச்சுக்கும் எதிர்பாராததற்கும். அட்டனன்ஸ் போனஸ் இதில் சேராது. அது சம்பளச் செலவு.

2022-ல் சென்னையில் கிஸ்ஃப்ளோ என்ற மென்பொருள் நிறுவனம் ஐந்து மூத்த அதிகாரிகளுக்கு பி.எம்.டபிள்யூ கார் கொடுத்ததும், ஐடியாஸ்டுஐடி என்ற ஐ.டி. நிறுவனம் நூறு பேருக்கு மாருதி கார் கொடுத்ததும் செய்தியில் வந்த பிறகு, பெரிதாகக் கொடுக்க முடியாவிட்டால் கொடுப்பதே வீண் என்று சிலர் நினைக்கிறார்கள். கூட நின்று கம்பெனியை வளர்த்தவர்களுக்கு எப்போதோ ஒருமுறை நடப்பது அது. செவ்வாய்க்கிழமை கட்டிங் டேபிள் விஷயத்துக்குக் கார் உதவாது.

பொருளா, பணமா என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. மாதச் சம்பளம் இழுத்துப் பிடித்து ஓடும் வீட்டுக்குப் பணமோ மளிகைக் கடை வவுச்சரோதான் மரியாதை. மூன்றாவது பிரஷர் குக்கரும் கம்பெனி லோகோ போட்ட சுவர்க் கடிகாரமும் யாருக்கும் வேண்டாம். பத்து வருட விருதுக்கு மட்டும் வைத்துப் பார்க்கும்படியான பொருள் பொருந்தும். அதை ஆயுத பூஜை அன்று, முடிந்தால் வீட்டாரையும் அழைத்துக் கொடுங்கள். ஷீல்டு ஆர்டர் போகும் முன் பெயரையும் இனிஷியலையும் அவரிடமே எழுதி வாங்குங்கள். பத்து வருடம் உழைத்தவரின் பெயரில் 'ழ'வுக்கு 'ள' போட்ட ஷீல்டைத் திருப்பி வாங்கவும் முடியாது, வீட்டில் வைக்கவும் முடியாது. கிராஜுவிட்டி சட்டப்படி தனியாக வருவது. அதை நீண்ட சேவைப் பரிசு என்று சொல்லிக் கொடுக்காதீர்கள்.

வரி, சட்டம்

ரொக்கமாகக் கொடுக்கும் எந்த விருதும் சம்பளம்தான். பே ஸ்லிப்பில் காட்ட வேண்டும். பொருளாகவோ வவுச்சராகவோ கொடுப்பதற்கு, 1962 வருமான வரி விதிகளில் வருடம் மொத்தம் 5,000 ரூபாய்க்குக் கீழே இருந்தால் வரி கிடையாது என்று இருந்தது. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் நடப்பு வரம்பை ஆடிட்டரிடம் கேட்டுவிட்டு வவுச்சர் வாங்குங்கள். ஜி.எஸ்.டி.யில் ஓர் ஊழியருக்கு நிதியாண்டில் 50,000 ரூபாய் வரை கொடுக்கும் பரிசு சப்ளையாகக் கருதப்படாது, அதாவது அதற்கு ஜி.எஸ்.டி. கிடையாது. ஆனால் பரிசாகக் கொடுக்க வாங்கிய பொருளுக்குக் கட்டிய ஜி.எஸ்.டி.யை, கம்பெனி கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள (உள்ளீட்டு வரி வரவு எடுக்க) முடியாது. அக்கவுன்ட்ஸில் தவறி எடுத்துவிடுவது இதைத்தான்.

திட்டம் எதைத் தொடங்கினாலும் சுற்றறிக்கையில் 'இது 2026-27 நிதியாண்டுக்கு மட்டும்' என்று முடிவுத் தேதி போடுங்கள். வருடா வருடம் பேச்சில்லாமல் கொடுத்துவந்த சலுகை வழக்கமாகிவிட்டால், அதை நிறுத்துவது வேலை நிபந்தனையை மாற்றுவதாகும். தொழில் தகராறுச் சட்டம் அதற்கு முன்கூட்டியே 21 நாள் நோட்டீஸ் கேட்டது. சட்டத்தை விடுங்கள். மூன்று வருடம் கொடுத்த ஸ்வீட் பாக்ஸ் நான்காம் வருடம் வராவிட்டால் அது குறைப்பாகத்தான் தெரியும்.

அலுவலகமும் வீட்டிலிருந்து வேலையும்

கணினி வேலையில் யார் என்ன செய்தார் என்று மேனேஜருக்கே பாதிதான் தெரியும். பக்கத்து நாற்காலிக்காரருக்குத் தெரியும். அதனால் இங்கே சக ஊழியர் எழுதும் கார்டு பொருந்தும், அந்த மூன்று கேள்விகளோடு. பாயின்ட் சேர்த்துப் பொருள் வாங்கும் செயலிகளில் மாதக் கடைசியில் 'நீ எனக்கு, நான் உனக்கு' பரிமாற்றம் தொடங்கும். பாயின்டுக்குப் பண மதிப்பை எடுத்துவிட்டால் அது நிற்கும். குரூப்பில் கைதட்டல் பொம்மை போடுவது பாராட்டில் சேராது. வீட்டிலிருந்து வேலை செய்பவரை வாரக் கூட்டத்தின் கடைசியில் 'ஆங், அப்புறம்...' என்று சேர்த்துச் சொல்லாமல், தனியாக ஐந்து நிமிடம் கூப்பிட்டுப் பேசுங்கள்.

திட்டம் ஓடுகிறதா என்று பார்க்க ஆறு மாதம் கழித்து டீ பிரேக்கில் பத்துப் பேரிடம், வெவ்வேறு லைனில், ஒரே கேள்வி கேளுங்கள்: 'கடைசியா கார்டு யாருக்குக் கொடுத்தாங்க, எதுக்கு?' ஏழு பேர் எதற்கு என்பதைச் சரியாகச் சொன்னால் தொடருங்கள். பெயர் மட்டும் சொல்லி 'எதுக்குன்னு தெரியல' என்றால் கார்டில் எழுதும் வரிகளைத் திருத்துங்கள். பெயரே தெரியாவிட்டால் சூப்பர்வைசர்களின் புத்தகங்களை வாங்கிப் பாருங்கள். பெரும்பாலும் கிழிக்காமலே இருக்கும்.